வட தாய்லாந்து மலைகளில் வழிகாட்டியுடன் ஒரு சைக்கிள் பயணம்: குமரி மாவட்டத்திலிருந்து செல்ல விரும்புவோருக்கு

மலைப்பாதையில் சைக்கிள் பயணம் நடத்தும் நிறுவனங்களின் விளம்பரங்களில் பனி படர்ந்த பள்ளத்தாக்கும், நல்ல விடுதியும், விலை உயர்ந்த சைக்கிளும் தவறாமல் இடம்பெறும். அவற்றைக் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது. ஏற்றத்தில் எல்லோருக்கும் பின்னால் வருபவரை அந்த நிறுவனம் எப்படிக் கவனித்துக்கொள்கிறது என்பதை வைத்தே பணம் கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து ஞாயிறு காலைகளில் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டும் எங்கள் குழு, சியாங் மாய் நகரில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் வழிகாட்டலில் வட தாய்லாந்து மலைகளைச் சுற்றி வந்தது. இந்த ஓர் அளவுகோலில் அந்தப் பயணம் மிகச் சிறப்பாகத் தேறியது. குறைகளும் இருந்தன. இதே வழியை இன்னும் பல நிறுவனங்கள் நடத்துவதால் பெயரைத் தவிர்த்துவிட்டு, எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சியாங் மாயிலிருந்து முதலில் சமோங் மலைச் சுற்று. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வரும் இந்த வட்டப் பாதையை நிறுவனம் ஆட்களின் பலத்தை அறிவதற்காகவே வைத்திருக்கிறது. அதன் பிறகு தெற்கே சோம் தோங், அங்கிருந்து தாய்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான தோய் இந்தனோன், மறுபுறம் இறங்கி மே சேம், பின்னர் குன் யுவாம், மே ஹாங் சோன், பாங் மபா, பாய் என்று பர்மா எல்லையை ஒட்டிய மலைகளைச் சுற்றி, மீண்டும் சியாங் மாய். மே ஹாங் சோன் சுற்று என்று பெயர்பெற்ற சாலையின் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது. அந்தச் சுற்றில் 1,864 வளைவுகள் உண்டு என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்; வாகனத்தில் சுற்றி முடித்தவர்களுக்கு அதற்கென்று சான்றிதழே தருகிறார்கள். நம் நாட்டைப் போல அங்கும் வாகனங்கள் இடப்புறமே செல்வதால் சாலைக்குப் பழக நேரம் பிடிப்பதில்லை. லாரி ஓட்டுநர்கள் ஒலி எழுப்பாமல் பொறுமையாகப் பின்னால் வந்து, இடம் கிடைத்த பிறகே முந்திச் சென்றது குமரி மாவட்டச் சாலைகளில் ஓட்டிப் பழகிய எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

தோய் இந்தனோன் ஏற்றத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சிகரத்தின் உயரம் 2,565 மீட்டர், அதாவது நம் தொட்டபெட்டாவை விடச் சற்றே குறைவு. அடிவாரமான சோம் தோங் பகுதி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உச்சி வரை சாலையின் நீளம் 48 கிலோமீட்டருக்கு அருகில் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறியவர்கள் இந்த எண்களைப் பார்த்தவுடன் இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கக்கூடும். ஊட்டிச் சாலை கொண்டை ஊசி வளைவுகளால் ஏற்றத்தைப் பங்கிட்டுக்கொண்டு சீராக உயர்கிறது. தோய் இந்தனோன் சாலையோ பல இடங்களில் வளையாமல் நேராக மேலே ஏறுகிறது; நடுவில் சற்று இறங்கி, பெற்ற உயரத்தை இழக்கவும் செய்கிறது. கால்கள் களைத்துப்போன பிறகு வரும் கடைசி 10 கிலோமீட்டரில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட, அதாவது 100 மீட்டர் தூரத்துக்குள் 10 மீட்டருக்கு மேல் உயரும் ஏற்றங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அப்போதைய மன்னர் பூமிபோலின் 60-ஆம் பிறந்தநாளுக்காக 1987-லும் அரசி சிரிகித்தின் 60-ஆம் பிறந்தநாளுக்காக 1992-லும் எழுப்பப்பட்ட இரட்டைத் தூபிகள் உச்சிக்குச் சற்று முன்பே வந்துவிடுகின்றன. அங்கேயே போதும் என்று பலருக்கும் தோன்றும் நேரத்தில்தான் மிகக் கடினமான பகுதி மிஞ்சியிருக்கும்.

இங்கேதான் கியர் முக்கியமாகிறது. பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் என்றால் பெடலை ஒரு முறை சுற்றும்போது பின் சக்கரமும் ஒரு முறையே சுழலும். சைக்கிள் ஏறக்குறைய 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ எடையை 10 சதவீத ஏற்றத்தில் இந்த வேகத்தில் கொண்டுசெல்ல ஏறக்குறைய 170 வாட் திறன் வேண்டும். முறையாகப் பயிற்சி செய்த சாதாரண மனிதரால் இதைத் தாங்க முடியும். பழைய பந்தய சைக்கிள்களில் இருக்கும் 39-க்கு 25 கியரில் அதே 60 சுற்று மிதிக்க 250 வாட்டுக்கு மேல் தேவைப்படும். அவ்வளவு திறனை வெகுநேரம் தர இயலாதவர் சுற்றுகளைக் குறைத்து, முழங்காலை வருத்தி, கடைசியில் இறங்கித் தள்ளவே செய்வார். நிறுவனம் வாடகைக்குத் தந்த சைக்கிள்கள் எல்லாவற்றிலும் 34-க்கு 34 இருந்தது. உயரம், கால் நீளம், இருக்கையின் உயரம் ஆகிய அளவுகளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவரவர்க்குப் பொருத்தி வைத்திருந்தார்கள். சொந்த சைக்கிளைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுசெல்லும் தொல்லையும் செலவும் இதனால் மிச்சம். பெடலும் காலணியும் மட்டும் எடுத்துச் சென்றால் போதும்.

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்கு எப்படிப் பயிற்சி எடுப்பது என்று பலரும் கேட்கிறார்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்துச் சாலைகளில் ஏற்றம் உண்டு. ஆனால் ஏறிய வேகத்தில் இறக்கமும் வந்து காலுக்கு ஓய்வு கொடுத்துவிடும். மணிக்கணக்காக நிறுத்தாமல் மிதிக்கப் பழக, ஆனி ஆடி மாதங்களில் காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலை நோக்கி ஓட்டுவதே சிறந்த பயிற்சி. கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று ஒரு நொடிகூடக் காலை ஓய விடாது. காற்றாலைகளை அங்கே நட்டவர்கள் காரணத்தோடுதான் நட்டிருக்கிறார்கள். இந்தக் காற்றை எதிர்த்து ஓட்டியவர்கள் மலையிலும் நிதானம் தவறாமல் ஏறியதை நேரில் கண்டேன்.

எங்கள் குழுவில் வயதில் மூத்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நாங்கள் எல்லோரும் அவரைச் சார் என்றே அழைப்போம். சமோங் சுற்றிலேயே அவருடைய வேகத்தைக் கணித்துக்கொண்ட தலைமை வழிகாட்டி, தோய் இந்தனோன் அன்று அவரையும் இன்னும் சிலரையும் மற்றவர்களுக்கு முன்பாகவே, இருள் பிரியும் நேரத்தில் புறப்படச் செய்தார். அதனால் அவர்கள் வெயில் ஏறுவதற்குள் பாதி மலையைக் கடந்தார்கள். வேகமாக ஏறியவர்கள் உச்சிக்கு அருகில்தான் அவர்களை எட்டிப் பிடித்தார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வழிகாட்டி சைக்கிளிலேயே வந்தார். அவருக்கும் பின்னால் தண்ணீர், பழம், உதிரிப் பாகங்களோடு வேன் வந்தது. வேனில் ஏறிக்கொள்ளும்படி யாரையும் அவர்கள் வற்புறுத்தவில்லை. ஏறிக்கொண்டவர்களைத் தோற்றவர்களாக நடத்தவும் இல்லை. கடினமான சில கிலோமீட்டர்களை வேனில் கடந்து, மறுபடியும் சைக்கிளில் ஏறிக்கொள்ளும் வசதி எல்லா நாளும் இருந்தது. சார் உச்சி வரை ஓட்டியே சென்றார். அவருடைய மன உறுதியோடு, புறப்படும் நேரத்தை மாற்றியமைத்த அந்த முடிவுக்கும் இதில் சரிபாதிப் பங்கு உண்டு. நாம் கொடுக்கும் பணம் உண்மையில் இத்தகைய முடிவுகளுக்காகத்தான்.

மே சேம் நோக்கி இறங்கும் சாலை குறுகலானது, மிகவும் செங்குத்தானது. சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் சைக்கிள்களுக்கு மட்டுமே இங்கே அனுமதி என்பதில் வழிகாட்டிகள் உறுதியாக இருந்தார்கள். சொந்த சைக்கிள் கொண்டுவந்திருந்த ஒருவருடையது சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் என்பதால், அவர் எவ்வளவு கேட்டும் இணங்காமல் அந்த இறக்கத்துக்கு மட்டும் வேனில் ஏற்றினார்கள். நீண்ட இறக்கத்தில் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும் என்பதால் இது மிகச் சரியான கண்டிப்பு. எந்த நிறுவனம் இந்த இடத்தில் வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்கிறதோ, அதை நம்பிச் செல்ல வேண்டாம்.

மலைக்கு அப்பால் சாலை அமைதியாகிவிடுகிறது. குன் யுவாமில், இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பர்மாவிலிருந்து பின்வாங்கிய ஜப்பானியப் படைவீரர்கள் தங்கிச் சென்றதை நினைவுகூரும் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களை மறக்காத நமக்கு, அதே போரின் இன்னொரு முகத்தை, அந்தப் பாதை சென்ற, தெற்கே வெகுதொலைவில் உள்ள காஞ்சனபுரியைப் போலவே இந்தச் சிற்றூரிலும் காண நேர்வது மனத்தைக் கனக்கச் செய்கிறது. வழிகாட்டிகள் இங்கே அரைமணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். கூடுதலாகத் தந்திருக்க வேண்டும். நவம்பரில் இவ்வூருக்கு அருகில் உள்ள மே ஊ கோ மலை முழுவதும் மஞ்சள் நிறக் காட்டுச் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். மே ஹாங் சோன், பர்மாவிலும் வாழும் ஷான் இன மக்கள் மிகுந்த ஊர். குளக்கரையில் பர்மியப் பாணியில் அமைந்த இரண்டு கோயில்கள் அருகருகே நிற்கின்றன. மூன்று மூடுபனிகளின் நகரம் என்று சொல்லப்படும் இவ்வூரில் காலை வெகுநேரம் வரை பனி விலகுவதில்லை. ஆகவே சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு பொருத்திய பிறகே எங்களைப் புறப்பட அனுமதித்தார்கள். பாய், கடைத்தெருவும் கூட்டமுமாக உள்ள சுற்றுலாத் தலம். ஓய்வு நாளை அங்கே வைத்ததற்குப் பதிலாக மே ஹாங் சோனில் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

உணவைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்காரர்கள் அங்கே அந்நியமாக உணர மாட்டார்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய காவ் சோய் நூடுல்ஸ், இளஞ்சக்கைக் குழம்பு, சுட்ட வாழைப்பழம் ஆகியவை வழியெங்கும் கிடைக்கின்றன. அரிசியையும் தேங்காய்ப்பாலையும் மூங்கிலுக்குள் அடைத்துச் சுட்டு விற்கிறார்கள். மூங்கில் குழாயில் அவித்த புட்டின் மணத்தை அறிந்தவர்களுக்கு அதைப் பிளக்கும்போது எழும் மணம் நெருக்கமானதாகவே இருக்கும். ஆனால் சைவ உணவு விஷயத்தில் நிறுவனம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. குழுவில் சைவர்கள் இருவர் இருப்பதை முன்பே எழுதியிருந்தும், மலையூர்க் கடைகளில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு கலந்தே வந்தது. இறைச்சி இல்லை என்பதையே சைவம் என்று வழிகாட்டிகள் எடுத்துக்கொண்டார்கள். சைவர்கள் மீன் சாறும் இறால் விழுதும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதிக் கேட்பதோடு, சில நாள்களுக்கான பொடியும் ஊறுகாயும் கையோடு கொண்டுசெல்வது நல்லது.

இரண்டாவது குறை, பயணத்துக்கு முன் அனுப்பிய விவரங்களில் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் மொத்தத் தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும் மட்டுமே கொடுத்திருந்தார்கள். ஒரு நாளில் 2,000 மீட்டர் ஏற்றம் என்றால், அது நாள் முழுவதும் பரவிக் கிடக்கிறதா அல்லது கடைசி மணி நேரங்களில் குவிந்து கிடக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. மே சேமிலிருந்து குன் யுவாம் செல்லும் நாள் காகிதத்தில் தோய் இந்தனோன் நாளை விட எளிதாகத் தெரிந்தது. ஓட்டும்போதோ ஒன்றன்பின் ஒன்றாக வந்த குறுகிய செங்குத்து ஏற்றங்கள் பலரை அதைவிடக் கூடுதலாகக் களைப்படையச் செய்தன. மிகச் செங்குத்தான இடம் எந்தக் கிலோமீட்டரில் வருகிறது, எவ்வளவு நீளம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைய உணவையும் ஓய்வையும் ஒவ்வொருவரும் அதற்கேற்ப வகுத்திருப்பார்கள்.

கட்டணம் குறைவானதல்ல. தங்குமிடம், வாடகை சைக்கிள், வேன், வழிகாட்டிகள், தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம், பெரும்பாலான வேளை உணவு ஆகியவை அதில் அடங்கும். விமானச் செலவு தனி. நமக்கு அருகில் உள்ள திருவனந்தபுரத்தில் ஏறி, கோலாலம்பூரில் விமானம் மாறிச் சியாங் மாய் செல்வது வசதியான வழி. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான குளிர்காலமே ஏற்றது. பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வயலிலும் காட்டிலும் எரியும் தீயின் புகை பள்ளத்தாக்குகளில் தேங்கி நிற்கும். அந்த மாதங்களில் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் மலையேற்றத்துக்குப் பதிவு செய்ய வேண்டாம். பள்ளத்தாக்கில் நண்பகல் வெயில் சுட்டாலும், தோய் இந்தனோன் உச்சியில் குளிர்காலத்தில் சில நாள்கள் உறைபனி விழுவதுண்டு என்பதால் இறங்கும்போது அணியக் காற்றுத் தடுப்பு மேலாடையும் முழுக் கையுறையும் வேனில் இருக்க வேண்டும்.

பதிவு செய்வதற்கு முன், வாடகை சைக்கிளின் மிகச் சிறிய கியர் எது, கடைசி ஆளோடு வழிகாட்டி ஒருவர் வருவாரா, விரும்பும் இடத்தில் வேனில் ஏறி இறங்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் மலைச் சாலையில் சைக்கிள் ஓட்டும்போது நேரும் விபத்தும் அடங்குமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியே கேட்க வேண்டும். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடுகள் பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும்.