கோத்தகிரிச் சோலையில் டி500-ம் 200-500 லென்ஸும்: ஃபோகஸ் பற்றி நீண்ட நாள் அனுபவம்

நிக்கான் டி500 கேமராவும் 200-500 மி.மீ. எஃப் 5.6 (லென்ஸின் துளை அளவு) லென்ஸும் சில வருடங்களாக நீலகிரியில் என்னிடம் இருக்கின்றன. ஃபோகஸ் சீராக விழுவதில்லை என்று யார் கேட்டாலும், முதலில் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்வேன். பறவை மங்கலாகவும் அதன் பின்னால் இருக்கும் பாசி தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. கோடுகள் நெளிந்திருந்தால் இடையில் இருக்கும் சூடான காற்றுதான் காரணம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. எல்லாவற்றையும் ஆட்டோஃபோகஸ் (கேமரா தானே ஃபோகஸ் செய்வது) தலையில் கட்டிவிட்டால் எதுவும் சரியாகாது.

கோத்தகிரியின் லாங்வுட் சோலையில் வெளிச்சம் குறைவு, கிளைகள் அதிகம். கறுப்பும் ஆரஞ்சுமான அந்தச் சின்ன ஈப்பிடிப்பான் புதரின் அடியில் 5 மீட்டர் தூரத்தில் வந்து உட்காரும். அந்தத் தூரத்தில், 500 மி.மீ.யில் எஃப் 5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 2 செ.மீ. தான். மார்பில் ஃபோகஸ் வைத்தால் கண் மங்கிவிடலாம். அதனால் இந்த கேமராவில் 153 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் சோலைக்குள் ஒற்றைப் புள்ளிதான், அதுவும் கண் மேல். பல புள்ளிகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் குரூப் ஏரியா முறை திறந்த வெளியில் பறக்கும் பறவைக்கு அருமை. ஆனால் அது பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் பிடிக்கும். சோலையில் பக்கத்தில் இருப்பது கிளை!

எனக்கு அதிகம் பலன் தந்தது ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்ததுதான். ஏஎஃப்-சி (தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) வைத்து, பின்பக்கம் இருக்கும் ஏஎஃப்-ஆன் பொத்தானுக்கு மட்டும் ஃபோகஸைக் கொடுத்துவிட்டேன். கட்டைவிரலை அழுத்தினால் பின்தொடரும், எடுத்தால் அதே தூரத்தில் நிற்கும். நீலகிரிச் சிரிப்பான் இலைக்குப் பின்னால் போனதும் விரலை எடுத்துவிடுவேன். அதே கிளையில் மறுபடி தெரிந்தால் ஃபோகஸ் தயாராக இருக்கும். (பறவையின் குரலை மொபைலில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். கூடு கட்டும் காலத்தில் அது பெரிய தொந்தரவு.)

லென்ஸில் 6 மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடும் சுவிட்ச் இருக்கிறது. எதிர்ச்சரிவில் நிற்கும் வரையாட்டுக்கு அது நல்லது, சோலைக்குள் நுழையும்போது மறக்காமல் முழு எல்லைக்கு மாற்றுங்கள். ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, தாவும் கருமந்திக்கு 1/1600-க்கு மேல். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 ஆனாலும் பரவாயில்லை, படத்தில் வரும் புள்ளி புள்ளியான நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். லென்ஸ் மட்டும் 2.3 கிலோ என்பதால் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) அவசியம்.

டி500 போல உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா எதுவானாலும், வியூஃபைண்டரில் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டும் கொஞ்சம் ஒத்துப்போகாவிட்டால் எல்லாப் படமும் ஒரே பக்கமாகத் தவறும். டி500-ல் லைவ் வியூ (பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) மூலம் கேமராவே இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் ஃபைன் டியூன் செய்துகொள்ளும். ஒரு லென்ஸுக்கு ஒரு மதிப்புதான் பதியும், ஆகவே நீங்கள் அதிகம் எடுக்கும் 500 முனையில், வழக்கமான தூரத்தில் வைத்துச் செய்யுங்கள்.

மூடுபனியில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடும். காட்டுமாடு பக்கவாட்டில் நின்றால், வெள்ளைக் காலும் கறுப்பு உடலும் சேரும் இடத்தில் புள்ளியை வைப்பேன், உடனே பிடித்துக்கொள்ளும். அப்புறம், ஊட்டிக் குளிரிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். பை மூடியபடியே சூடேறட்டும்.

மசினகுடி பக்கம் நண்பகலில் சூடான காற்று நெளிவதால் தூரத்து யானை எந்த லென்ஸிலும் தெளிவாக வராது. காலையில் போங்கள்.

கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வாங்க வசதியிருந்தால் அதையே வாங்கலாம், ஆனாலும் கிளை நடுவே ஒற்றைப் புள்ளி அங்கேயும் தேவைப்படும். செகண்ட் ஹேண்டில் இந்த ஜோடியை வாங்குபவர்கள், காசு கொடுக்கும் முன் 500-ல், எஃப் 5.6-ல் ஒரு மரப்பட்டையைச் சாய்வாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.