மதுரையில் ஒரு வைட்டமின் டி பரிசோதனை

லண்டனில் எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ், அதாவது வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் ஆபரேஷன், செய்துகொண்டவள் நான். வருடாந்திர ரத்தப் பரிசோதனை ஊருக்கு வரும் சமயத்தில் வந்துவிட்டதால், மதுரையிலேயே பார்த்துக்கொண்டேன்.

போன் செய்தால் லேபிலிருந்து காலையில் வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போகிறார். மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். லண்டனில் இந்த வேகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் பேக்கேஜில் பிடிஎச், அதாவது பாராதைராய்டு ஹார்மோன், இல்லை. தனியாகக் கேட்டுச் சேர்த்தேன். பைபாஸ் செய்துகொண்டவர் என்றால் நீங்களும் கேளுங்கள். பைபாஸில் உணவு சிறுகுடலின் முதல் பகுதிக்குப் போவதே இல்லை. கால்சியம் நன்றாக உறிஞ்சப்படுவது அங்கேதான். வைட்டமின் டியும் குறைந்தால் உடம்பு பிடிஎச்சை ஏற்றி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிச் சமாளிக்கும். ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்றே காட்டும். பிடிஎச் ஏறியிருந்தால்தான் விஷயம் வெளியே தெரியும்.

வைட்டமின் டி 19 என்று வந்தது. லண்டனில் போன தடவை 60. அம்மா பதறிவிட்டார். "வெயில் கொளுத்துற ஊருக்கு வந்துமா இப்படிக் குறையும்?" என்றார். ஆனால் இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை: அங்கே லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று கணக்கு, இங்கே மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம். இந்த ஊர் எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 47. குறைந்திருப்பது உண்மைதான், ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு லண்டன் கணக்கில் 75, இங்குள்ள கணக்கில் 30 ஆவது இருக்க வேண்டும். வந்த சில நாள் வெயில் அதை ஈடுகட்டிவிடாது.

டாக்டர் 60,000 யூனிட் சாஷே எழுதினார்: வாரம் ஒன்று, 8 வாரம், பாலில் கலந்து. மருந்துக்கடைத் தம்பி ஒவ்வொரு சாஷேயிலும் பேனாவால் 'ஞாயிறு' என்று எழுதிக் கொடுத்து, "அக்கா, தினமும் சாப்பிட்டுறாதீங்க" என்றார். அந்த அக்கறைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். லண்டனில் தினசரி மாத்திரை போட்டே பழகிய கை. இதையும் தினமும் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று வந்து, சிறுநீரகம் வரை பாதிக்கும். எங்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து, வாந்தி வந்தால் ஆபரேஷன் செய்த வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவோம்.

அப்புறம், கால்சியம் மாத்திரை. கடையில் கேட்டதும் எடுத்துத் தந்தது கார்பனேட். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும்; எங்களுக்கு அது மிகக் குறைவு. சிட்ரேட் என்று சொல்லிக் கேட்டு வாங்கினேன். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

ரிப்போர்ட்டையும் சாஷே அட்டையையும் போட்டோ எடுத்து லண்டன் டயட்டீஷியனுக்கு அனுப்பி, தினசரி மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்ட பிறகே முதல் சாஷேயைப் பிரித்தேன். 3 மாதம் கழித்து அங்கே மறுபடியும் ரத்தப் பரிசோதனை, பிடிஎச்சோடு சேர்த்து.