பேஜர் அடித்ததும் ஓடுவதா, நிலையத்திலேயே இரவு தங்குவதா?

தன்னார்வத் தீயணைப்புப் படையில் புதிதாகச் சேருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நேரம்: வீட்டிலிருந்து வருபவர் எழுந்து, உடுத்தி, நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தீயணைப்பு வண்டியே கிளம்பும். தங்குபவர் சட்டென்று ஏறிவிடுவார். அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) தன்னார்வப் படைகளுக்கான 1720 தரநிலையில் கிராமப்புறத்துக்கு வகுத்த கணக்கு, 14 நிமிடத்தில் 6 பேர் தீப்பிடித்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது. பகலில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருக்க, அந்த ஆறு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு.

செலவு: முன்னதற்கு அதிகமில்லை. பின்னதற்குப் படுக்கை, சமையலறை, குளியலறை வேண்டும்.

பழக்கம்: சேர்ந்து சமைத்து, குழாய் சுருட்டி, மூச்சுக்கருவியைச் சோதிக்கும் இரவுகளில்தான் புதியவர் தேறுகிறார். குறட்டை இலவசம்.

கைக்குழந்தை உண்டு, நிலையமும் பக்கம் என்றால் வீடே சரி. தொலைவில் இருப்பவரும் தொழில் பழக வந்தவரும் வாரம் ஓர் இரவாவது தங்கட்டும்.