விமான சிமுலேட்டருக்குப் பழைய விஆர் ஹெட்செட் வாங்கினேன்: 27,500 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் கடையில் கடைசியாகச் சொல்லிவிட்டார்கள், "வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்" என்று. 27,500 ரூபாய். எட்டு மாதம் சேர்த்த காசு. வேறு யாரும் அதே கடையில் போய் நிற்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஐந்து வருடமாக வீட்டில் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருள், ஓட்டுகிறேன். 24 இன்ச் மானிட்டர், ஒரு ஜாய்ஸ்டிக், அவ்வளவுதான். தட்டைத் திரையில் எனக்குத் தீராத பிரச்சினை, செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை இறக்கும்போது மூக்கைத் தூக்க வேண்டிய உயரம் பிடிபடாது. சீக்கிரமே தூக்கித் தொப்பென்று விழுவேன், இல்லையென்றால் நேராக ஓடுபாதையில் முட்டுவேன். தலையில் மாட்டி, இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் விஆர் ஹெட்செட் போட்டால் ஆழம் தெரியும், திரும்பும்போது தலையைத் திருப்பியே ஓடுபாதையைப் பார்க்கலாம் என்று ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். புதிது வாங்க வசதி இல்லை.

பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கி விற்கும் கடை அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டிருந்தார்கள்: விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி வகை (மைக்ரோசாஃப்டின் மென்பொருளை நம்பி ஓடுவது) ஹெட்செட், கண்ணுக்கு 2160க்கு 2160 பிக்சல், பெட்டியோடு. பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை நேரில் போனேன்.

போட்டுப் பாருங்கள் என்று கடைப் பையன் ஒரு லேப்டாப்பில் ஓடவிட்டான். மதுரை ஓடுபாதையில் செஸ்னா நின்றுகொண்டிருந்தது. நான் குனிந்தால் ஆயில் அழுத்தம் காட்டும் முள் கண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது. இடது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் கீழே சக்கரம், அதற்கும் கீழே தார். ஐந்து வருடம் படமாகப் பார்த்த விமானத்துக்குள் முதல் தடவையாக உட்கார்ந்திருந்தேன். கழற்றும்போதே வாங்குவது என்று முடிவாகிவிட்டது.

அந்த லேப்டாப்பின் ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் "அப்டேட் போடாதே" என்று எழுதியிருந்தது. பார்த்தேன். கடைப் பையன்களுக்கு எழுதியது என்று விட்டுவிட்டேன்.

"என்னோடது புது சிஸ்டம் தம்பி, விண்டோஸ் 11. ஓடுமா?"

"தாராளமா ஓடும்ணா. கேபிளைச் சொருகினா அதுவே எல்லாத்தையும் இறக்கிக்கும்."

க்யூஆர் கோடில் 27,500 அனுப்பினேன். ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் தனியாக ஆகும் என்றார்கள். சரி, வேண்டாம் என்றேன். கையில் கிடைத்தது ஓர் எஸ்டிமேட் சீட்டும், அதில் "டெஸ்டிங் வாரண்டி 7 நாள்" என்ற ஒரு வரியும்தான்.

வீட்டில் சொருகினால் டிங் என்று ஒரு சத்தம், அப்புறம் இருட்டு. எதுவும் இறங்கவில்லை. இறங்கவும் இறங்காது. இந்த வகை ஹெட்செட்டுக்கான மென்பொருளைக் கைவிடப்போவதாக 2023 டிசம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அதை அடியோடு எடுத்தும் விட்டார்கள். நான் நவம்பரில் வாங்கிய சிஸ்டம் 24எச்2-வோடுதான் வந்தது. ஹெட்செட்டில் ஒரு பழுதும் இல்லை. என் கம்ப்யூட்டரில் அதற்கான மைக்ரோசாஃப்ட் மென்பொருளே இல்லை. அந்த டேப் எதற்கு என்று ராத்திரி இரண்டு மணிக்குத்தான் உறைத்தது: அப்டேட் போட்டால் கடை லேப்டாப்பிலும் ஓடாது. தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.

ஞாயிறு கடை லீவு. திங்கள் போன் செய்தால் "கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட் பண்ணுங்க". பண்ணினேன். செவ்வாய், "உங்க யுஎஸ்பி போர்ட்ல கோளாறு". அப்புறம் பொங்கல் லீவு, "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்". ஏழு நாள் இப்படியே ஓடியது. எட்டாவது நாள் நேரில் போனால், "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க? வாரண்டியும் முடிஞ்சுது." டேப்பைப் பற்றிக் கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஓனர் சொன்ன யோசனை, "பழைய விண்டோஸைப் போட்டுக்கோங்க." என் வேலையெல்லாம் இருக்கும் சிஸ்டத்தை அழித்து, வீட்டு சிஸ்டங்களுக்கு 2025 நவம்பரோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன, முந்தின பதிப்பான 23எச்2-வைப் போட வேண்டுமாம். அதிலும் 2026 நவம்பர் வரை ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தின் வழியாக ஓடும் என்றுதான் அறிவிப்பு. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் 27,500 ரூபாய் கொடுத்திருப்பேனா?

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஒரு நிலையில் இல்லை. மூன்று மட்டும். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி "வின்வெர்" (winver) என்று ஆங்கிலத்தில் அடித்து உங்கள் பதிப்பைப் பாருங்கள். 24எச்2 அல்லது அதற்குப் பிந்தின பதிப்பு என்று இருந்தால் மிக்ஸ்டு ரியாலிட்டி வகையைத் தொடாதீர்கள். கடை லேப்டாப்பில் ஓடுவதை நம்பாதீர்கள், முடிந்தால் உங்கள் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

இன்று காலை 1915-இல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்தேன். எஸ்டிமேட் சீட்டையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மத்தியானம் பார்த்தால் அந்தக் கடை ஸ்டேட்டஸில் அதே வகை ஹெட்செட் இன்னொன்று, 26,000 ரூபாய், "எல்லா விண்டோஸிலும் ஓடும்" என்று. சிமுலேட்டர் ஓட்டும் நண்பர் யாராவது பழைய ஹெட்செட் தேடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இதை இன்றைக்கே அனுப்புங்கள்.