ஒரே சைரன், இரண்டு வண்டி

இந்த முறை ஊருக்குப் போனது வீட்டுக்கு ஓடு மாற்ற. பன்னிரண்டு நாள் லீவில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே போனது. ஓடு இன்னும் மாற்றவில்லை.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் கிராமம். வந்த மூன்றாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு அத்தைக்கு மூச்சுத் திணறல். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே இரைக்கிறது. எனக்குப் பதினாறு வருடச் சிங்கப்பூர்ப் பழக்கம், கை தானாக அந்த ஊர் ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அடித்துவிட்டது. அத்தை மகன் தன் போனை எடுத்து 108 போட்டான்.

அழைப்பு சென்னைக்குப் போகிறது. எடுத்த பெண் மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று பதறாமல் வரிசையாகக் கேட்டார். சிங்கப்பூரில் ஆறு இலக்க போஸ்டல் கோடு சொன்னால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். இங்கே, "அய்யனார் கோயில் தாண்டி, மூடிக் கிடக்குற ரைஸ்மில்லுக்கு எதிர்ச் சந்து." கொஞ்ச நேரத்தில் வண்டியிலிருந்தே பைலட் கூப்பிட்டார். 108-இல் ஓட்டுநருக்கு அதுதான் பெயர். மச்சான் டார்ச் லைட்டோடு மெயின் ரோட்டில் போய் நின்றான். இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த நேரத்து கிராமத்து ரோட்டுக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

வந்த மருத்துவ உதவியாளர் சின்ன வயசுப் பையன். விரலில் கிளிப் மாட்டி, பிரஷர் பார்த்து, ஆக்ஸிஜன் வைத்தார். ஆக்ஸிஜன் வருகிற வழியில் தண்ணீர் ஊற்றிய ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது, ஓட்டம் இருந்தால் அதில் குமிழ் வரும். "குமிழ் நின்னா உடனே சொல்லுங்க சார்" என்று எனக்கொரு வேலையும் கொடுத்தார். போகிற வழியெல்லாம் அந்த பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக ஆசை. "முதல்ல பக்கத்து ஜி.எச்.தான் சார். அங்க கொஞ்சம் சரியானதும் நீங்க முடிவு பண்ணுங்க" என்றார் உதவியாளர். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு இது புதிதில்லை, 995 வண்டியிலும் நாம் கேட்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பட்டுக்கோட்டையில் ஊசி போட்டார்கள், விடியற்காலை இன்னொரு 108-இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினார்கள். இரண்டு பயணத்துக்கும் ஒரு பைசா வாங்கவில்லை. டீக்கு என்று நீட்டிய நூறு ரூபாயையும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சேவை இது. பணம் அரசுடையது, நடத்துவது ஒப்பந்தம் போட்ட ஒரு நிறுவனம். எங்கள் அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, எந்த வண்டி வந்தது, அத்தைக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கும். தப்பு நடந்தால் கேட்க ஓர் இடம் உண்டு.

அப்புறம் டிஸ்சார்ஜ் நாள் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் விட 108 வராது, அது அவசரத்துக்கு. படுக்க வைத்துக் கூட்டிப் போங்கள், வழியில் இரைத்தால் ஆக்ஸிஜன் வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே வந்தால் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன. "ஆக்ஸிஜன் வண்டி, ஏழாயிரத்து ஐந்நூறு" என்றார் ஒருவர். ஏன் இவ்வளவு என்றால், "திரும்பி வர டீசல் யாருண்ணே போடுறது?"

ஒரத்தநாடு தாண்டுவதற்குள் அத்தைக்கு லேசாக இரைத்தது. மாஸ்க்கை வைத்தேன். பாட்டிலில் குமிழ் இல்லை. சிலிண்டர் முள் சிவப்புக்கும் கீழே கிடந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பின்னால் வந்து, முள்ளை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். தட்டினால் ஆக்ஸிஜன் வருமா? உள்ளே உதவியாளர் என்று ஒருவரும் இல்லை. அத்தையை நிமிர்த்தி உட்கார வைத்து நான் பிடித்துக்கொண்டேன், நல்ல வேளை இரைப்பு அடங்கியது. அதன் பிறகு அவர் செய்த ஒரே காரியம், சைரனைப் போட்டது. பஸ், லாரி எல்லாம் மரியாதையாக ஒதுங்கின. ஒதுங்காவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஒதுங்கியவர்களுக்கு உள்ளே இருப்பது காலி சிலிண்டர் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து விதிகளைத் தேடிப் படித்தேன். நோயாளியை ஏற்றி இறக்க மட்டும், அடிப்படை உயிர்காப்பு, உயர்நிலை உயிர்காப்பு என்று ஆம்புலன்ஸை வகை பிரித்து, எதில் என்ன சாமான் இருக்க வேண்டும் என்று தேசிய அளவில் விதி இருக்கிறது. கட்டணமும் ஒரு தடவை நிர்ணயித்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2020-இல் மாநிலங்களுக்குச் சொன்ன பிறகு, 2021 மே மாதம் கொரோனா அலையில் தமிழ்நாடு அரசு போட்ட ஆணை: ஆக்ஸிஜன் உள்ள வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 2,000 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 50. எங்களுக்கு 56 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 4,300தான் வருகிறது. அது கொரோனா நோயாளிகளுக்கான கட்டணம், அதைக் காட்டி நான் சண்டை போட முடியாது, சரி. ஆனால் அன்றைக்கு முடிந்த கணக்கை இன்றைக்கு வண்டிக் கதவில் எழுதி ஒட்ட என்ன தடை?

சிங்கப்பூரிலும் தனியார் ஆம்புலன்ஸ் உண்டு. அவசர வண்டிக்கு ஒரு லைசென்ஸ், சும்மா ஏற்றிப் போகிற வண்டிக்கு வேறு லைசென்ஸ், கொடுப்பது சுகாதார அமைச்சு. எங்களை ஏற்றி வந்த வண்டியில் கண்ணாடியில் ஒட்டியிருந்த எஃப்.சி. காகிதத்தை, அதாவது வண்டியின் தகுதிச் சான்றை, மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. அது பிரேக்குக்கும் டயருக்கும். சிலிண்டரை யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்று சொல்ல வண்டியில் ஒரு சீட்டுகூட இல்லை.

பணம் கொடுத்துவிட்டு பில் கேட்டேன். "பில்லா? எதுக்குண்ணே?" என்று ஒரு நிமிடம் முழித்தார். பிறகு டாஷ்போர்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகை உறையின் பின்னால் எழுதிக் கொடுத்தார்: ஆம்புலன்ஸ், ஆக்ஸிஜனுடன், 7,500.