இதய அடைப்புக்குக் கீலேஷன் டிரிப்: 40 சிட்டிங்கில் கிடைப்பதும் கிடைக்காததும்

பைபாஸ் வேண்டாம், ஸ்டென்ட் வேண்டாம், டிரிப் ஏற்றியே அடைப்பைக் கரைத்துவிடலாம் என்று சொல்லி விற்கப்படும், உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஈடிடிஏ என்ற மருந்தை ஏற்றும் கீலேஷன் சிகிச்சையைப் பற்றிய மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மாரடைப்பைத் தடுக்க இதற்குப் பணம் கட்டாதீர்கள். உடலில் உள்ள உலோகத்தை வெளியேற்றும் வேலையை ஈடிடிஏ நன்றாகவே செய்கிறது. ஆனால் அதனால் இதயத்துக்குப் பலன் வரவில்லை.

அந்த பாட்டிலில் என்னதான் இருக்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டாக்ட் (TACT) என்ற கீலேஷன் ஆய்வில் பயன்படுத்திய கலவை இது: டைசோடியம் ஈடிடிஏ அதிகபட்சம் 3 கிராம் (சிறுநீரகத் திறன் குறைந்தவருக்கு அளவும் குறையும்), வைட்டமின் சி 7 கிராம், மெக்னீசியம் குளோரைடு 2 கிராம், ஊசி ஏறும் இடத்தில் வலி தெரியாமலிருக்கப் புரோகெயின் 100 மி.கி., ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் 2,500 யூனிட், கொஞ்சம் பொட்டாசியம், சோடியம் பைகார்பனேட், பி வைட்டமின்கள். எல்லாம் சேர்த்து 500 மி.லி. ஒரு சிட்டிங்குக்குக் குறைந்தது 3 மணி நேரம் ஆகும். வாரம் ஒன்றாக 30, பிறகு 2 முதல் 8 வாரத்துக்கு ஒன்றாக 10, மொத்தம் 40.

2013-ல் வெளியான அந்த ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த, 50 வயது தாண்டிய 1,708 பேர் இருந்தார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் அல்லது பைபாஸ், நெஞ்சுவலிக்காக அட்மிஷன் இவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தவர்கள் மருந்தில்லாத வெற்று டிரிப் குழுவில் 30%, கீலேஷன் குழுவில் 26%. கிளினிக் விளம்பரங்கள் இந்த எண்ணோடு நின்றுவிடும். வித்தியாசத்தில் பெரும்பங்கு ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கையில்தான். மரணத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பலர் பாதியிலேயே விலகியும் போனார்கள். இருந்தாலும் சர்க்கரை நோயாளிகளிடம் வெற்று டிரிப்பில் 38%, கீலேஷனில் 25% எனப் பெரிய இடைவெளி தெரிந்ததால், அது உண்மைதானா என்று பார்க்கச் சர்க்கரை நோயும் பழைய மாரடைப்பும் உள்ள சுமார் 1,000 பேரை வைத்து டாக்ட் 2 நடந்தது. 2024-ல் வந்த முடிவு: கீலேஷன் குழுவில் 35.6%, வெற்று டிரிப் குழுவில் 35.7%. ரத்தத்தில் ஈய அளவு மட்டும் 61% இறங்கியிருந்தது. நாங்கள் இதை எடைபோடுவது இந்த இரண்டாவது ஆய்வை வைத்துத்தான். முதல் ஆய்வு எழுப்பிய நம்பிக்கையைச் சோதிக்கவே அது நடத்தப்பட்டது.

அடைப்பில் படிந்த கால்சியத்தை ஈடிடிஏ உறிஞ்சிவிடும் என்ற விளக்கமும் நிற்காது. அது முதலில் பிடிப்பது ரத்தத்தில் ஓடும் கால்சியத்தை. ஆபத்தும் அங்கேதான். டிரிப்பை வேகமாகத் திறந்துவிட்டால் கால்சியம் சட்டென்று விழும்: உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, கை கால் பிடித்து இழுப்பது, பிறகு இதயத் துடிப்பே தடுமாறுவது. கவனமாக நடத்திய டாக்ட் ஆய்விலேயே கால்சியம் குறைந்தவர்கள் கீலேஷன் குழுவில் 52 பேர், மற்ற குழுவில் 30 பேர். அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் கால்சியம் விழுந்து மூவர் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. அதில் இருவர் குழந்தைகள். டைசோடியம் ஈடிடிஏ, கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ என்ற இரண்டு மருந்துகளின் பெயர்களும் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றிக் கொடுக்கும் ஆபத்து உண்டு என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் எச்சரித்தது. ஈய நச்சுக்குக் கொடுப்பது இரண்டாவது. அதில் ஏற்கெனவே கால்சியம் சேர்ந்திருப்பதால் ரத்தத்தின் கால்சியத்தை அது இழுப்பதில்லை.

அதிகம் பேசப்படாத இன்னொன்று வைட்டமின் சி. 7 கிராம் நேராக ரத்தத்தில் ஏறினால், வீட்டில் விரல் குத்திப் பார்க்கும் பல குளுக்கோமீட்டர்கள் அதையும் சர்க்கரை என்று எண்ணி, இல்லாத உயர்வைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இந்தச் சிகிச்சை சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் விற்கப்படுவதால் இது சின்ன விஷயமல்ல. டிரிப் போட்ட அன்று லேப் ரத்தப் பரிசோதனையையே நம்ப வேண்டும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவருக்கு இவ்வளவு வைட்டமின் சி ஏறினால் சிவப்பணுக்கள் உடையும். அந்தப் பரிசோதனை இல்லாமல் முதல் பாட்டிலே ஏறக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் வீட்டில் யாராவது போட்டுக்கொள்வேன் என்று நின்றால், குறைந்தபட்சம் இவற்றைக் கேளுங்கள். குப்பியின் லேபிளில் எந்த ஈடிடிஏ? சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்து டோஸ் கணக்கிட்டார்களா? (டெசிலிட்டருக்கு 2 மி.கி.க்கு மேல் இருந்தவர்களை டாக்ட் ஆய்வில் சேர்க்கவே இல்லை.) கால்சியம் விழுந்தால் போட வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? மூன்று மணி நேரமும் மருத்துவர் அங்கேயே இருப்பாரா? ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீர் பிடித்து, உடம்பில் உலோக நச்சு எக்கச்சக்கம் என்று ரிப்போர்ட் நீட்டினால் அதையும் ஏற்காதீர்கள். மருந்து கொடுத்தால் யாருக்கும் சிறுநீரில் உலோகம் கூடும். மருந்தில்லாதவர்களின் இயல்பு அளவோடு அதை ஒப்பிடுவது தவறு. அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரியும் இந்தச் சோதனை வேண்டாம் என்றே சொல்கிறது.

கீலேஷன் உயிர் காக்கும் இடங்கள் வேறு. ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் உள்ள குழந்தைகள், அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இரும்பு சேரும் தலசீமியா நோயாளிகள், செம்பு தேங்கும் வில்சன் நோயாளிகள் ஆகியோருக்கு இது அவசியம். அங்கே மருந்தும் வேறு, கண்காணிப்பும் வேறு. இதயத்துக்குப் பயனில்லை என்ற செய்தியைப் படித்துவிட்டு இவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இதயத்துக்காகப் பாதி சிட்டிங் முடித்தவர்கள் மீதியை விட்டுவிடுவதால் கெடுதல் எதுவும் இல்லை. கிரியேட்டினின், கால்சியம் இரண்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிரிப்பை நம்பி ஆஸ்பிரினையோ, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினையோ நிறுத்தியிருந்தால், நாளைக்கே இதய மருத்துவரிடம் போய் மறுபடி தொடங்குங்கள். டாக்ட் ஆய்வுகளில்கூடக் கீலேஷனை வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.