பாளை ஜெயிலில் மனு, இலவச வக்கீல், ஜாமீன்: எந்தச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

வீட்டு ஆளைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவர் வெளியே வருகிற வரை ஒரு குடும்பம் நான்கு வாசல் ஏறி இறங்க வேண்டும். காவல் நிலையம், மாஜிஸ்திரேட் கோர்ட், ஜெயில் வாசல், பிறகு ஜாமீன் பத்திரம் எழுதும் கோர்ட் அலுவலகம். நான்கிலும் அரசு தரும் சேவை உண்டு, அதில் முக்கால்வாசிக்குக் காசு கிடையாது. எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இலவச சட்ட உதவியை நம்பிப் போகலாம். ஆன்லைன் மனுப் பதிவு (ஜெயிலில் ஆளைப் பார்த்துப் பேசுவதற்குத்தான் மனு என்று பெயர்) உபயோகமானது, ஆனால் அரைக்கிணறுதான் தாண்டும். ஜாமீன் உத்தரவு வந்த பிறகு ஆள் வெளியே வரும் வரையிலான கட்டம்தான் இருப்பதிலேயே மோசம். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து ஆள் என்றால் பாளையங்கோட்டை மத்திய சிறைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. கிளைச் சிறைகள் இருக்கின்றன, தூத்துக்குடிப் பக்கத்து வழக்கு என்றால் பேரூரணி மாவட்டச் சிறை இருக்கிறது, பெண் என்றால் கொக்கிரகுளம் பெண்கள் சிறை. பதினெட்டு வயது ஆகாத பையனை ஜெயிலில் வைக்கவே கூடாது, கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். வயதில் தகராறு வந்தால் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிக்குத்தான் முதல் மதிப்பு, அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்று. ஆதாரை மட்டும் நீட்டினால் வேலை நடக்காது.

எந்த ஜெயில் என்பது மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போடும் ரிமாண்ட் வாரண்டில், அதாவது காவலில் வைக்கச் சொல்லும் உத்தரவில், இருக்கும். அதனால் ஆளைக் கோர்ட்டில் நிறுத்தும்போது வீட்டார் ஒருவராவது அங்கே இருப்பது நல்லது. கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறோம் என்று உறவினருக்குப் போலீஸ் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 36, 48, 58 ஆகிய பிரிவுகள் இவை. ஸ்டேஷனில் நின்று பிரிவு எண்ணைச் சத்தமாகச் சொல்வதால் பெரிய பிரயோஜனம் இல்லை. வக்கீலிடம் சொல்லி மாஜிஸ்திரேட் முன் பதிவு செய்ய வைத்தால் பலன் உண்டு.

உடம்பில் அடிபட்டிருந்தால் மாஜிஸ்திரேட் கேட்கும்போதே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். ஜெயிலுக்குள் எடுக்கும்போதும் டாக்டர் பார்த்துக் காயத்தை எழுத வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்த வழக்கில், ரிமாண்ட் செய்தபோது யார் என்ன பார்த்தார்கள் என்பதே பெரிய கேள்வியானது. "உள்ளே போனபிறகு சொல்லிக்கலாம்" என்று போலீஸோ உடன் வந்தவரோ சொன்னால் கேட்க வேண்டாம்.

அன்றைக்கே ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: காவல் நிலையம், குற்ற எண்ணும் வருடமும், சட்டப் பிரிவுகள், எந்த மாஜிஸ்திரேட் கோர்ட், ரிமாண்ட் தேதி. இனி எந்த வாசலுக்குப் போனாலும் இதைத்தான் கேட்பார்கள். குற்ற எண் இருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரை இறக்கிக்கொள்ளலாம். போக்சோ போன்ற வழக்குகளுக்கு அங்கே இருக்காது.

இனி மனு. இ-முலாகாத் என்ற ஆன்லைன் மனுப் பதிவுப் பக்கத்தில் பார்க்கப் போகிறவரின் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி, உறவு, அடையாள அட்டை எண், மொபைல், இமெயில் கேட்கும். நேரிலா, காணொளியிலா என்று தேர்வு செய்யச் சொல்லும். பிறகு மாநிலம், ஜெயில், கைதியின் பெயர், வயது, தகப்பனார் பெயர். ஓ.டி.பி. போட்டு அனுப்பினால் ஒரு பதிவு எண் வரும். இதைத் தேதி உறுதியான டிக்கெட் என்று நினைத்துக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்துவிடக் கூடாது. அது விண்ணப்பம் மட்டும்தான். ஜெயில் அங்கீகரித்ததாகத் தகவல் வந்த பிறகே கிளம்ப வேண்டும்.

இந்தச் சேவை எங்கே சொதப்புகிறது என்றால், பெயரில். ஜெயில் பதிவேட்டில் ஏறுவது ரிமாண்ட் வாரண்டில் உள்ள பெயர், அது எஃப்.ஐ.ஆரில் ஏட்டு எழுதிய பெயர். வீட்டில் கணேஷ், ஆதாரில் எம். கணேசன், எஃப்.ஐ.ஆரில் "கணேசன் (எ) கணேஷ்குமார், த/பெ முத்தையா" என்று இருக்கும். படிவமோ ஆங்கிலத்தில். இனிஷியலை முன்னால் போட்டால் ஒரு ஆள், பின்னால் போட்டால் வேறு ஆள் என்கிற மாதிரி ஆகிவிடும். எஃப்.ஐ.ஆரில் இருப்பதை அப்படியே, தகப்பனார் பெயரோடு போடுங்கள். உறவு விஷயத்திலும் ஒன்று உண்டு. "மனைவி" என்று போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு முந்தைய, அப்பா பெயர் உள்ள ஆதாரைக் கொண்டுபோனால் வாசலில் கேள்வி வரும். ரேஷன் கார்டு நகலையும் சேர்த்து எடுத்துப் போனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வாரத்தில் எந்த நாள், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் பதிய வேண்டும் என்பது விசாரணைக் கைதிக்கு ஒரு மாதிரி, தண்டனைக் கைதிக்கு ஒரு மாதிரி. வெளியே பலகையில் எழுதியிருப்பதுதான் அன்றைய விதி. போன வருஷம் போய் வந்த சொந்தக்காரர் சொல்வது விதி ஆகாது. அசல் ஆதார் வேண்டும், செல்போன் உள்ளே போகாது. சமைத்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஏமாற வேண்டாம். துணி, சோப்பு போன்றவற்றில் எதை வாங்குவார்கள் என்று முதல் தடவை வெறுங்கையோடு போய்க் கேட்டுவிட்டு, அடுத்த தடவை கொண்டுபோவதே புத்திசாலித்தனம். கேண்டீன் செலவுக்கான பணத்தை அவர் பெயரில் வரவு வைத்து ரசீது வாங்குங்கள். யார் கையிலும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

வாசலுக்கு வெளியே, "அண்ணாச்சி, ரெண்டாயிரம் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்று வருகிற ஆள் விற்பது நீங்கள் வரிசையில் நின்றால் சும்மா கிடைக்கிற சங்கதி. மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

உள்ளே பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். அழுகையிலேயே அது கரைந்துவிடும் என்பதால் கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. வக்காலத்தில் கையெழுத்து ஆகிவிட்டதா? (அவருக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள் அது. வக்கீல் அனுப்பும் வக்காலத்தில் கைதி கையெழுத்துப் போட்டு, ஜெயில் அதிகாரி சான்றிட்டுத் திரும்பி வர வேண்டும். இந்த ஒரு தாள் சிக்கிக்கொண்டதால் ஜாமீன் மனு நின்றுபோவது அடிக்கடி நடப்பது, இரண்டு மூன்று பிரதி கூடுதலாகவே அனுப்பச் சொல்லுங்கள்.) மாத்திரை கிடைக்கிறதா? பழைய வழக்கு, பிடிவாரண்ட் ஏதாவது இருக்கிறதா? ஜெயிலிலிருந்து பேச எந்தப் போன் நம்பரைப் பதிந்து கொடுத்தார்? வழக்கில் என்ன நடந்தது என்ற கதையை மட்டும் அங்கே பேச வேண்டாம். அது வக்கீலிடம் பேச வேண்டியது.

சர்க்கரை, வலிப்பு, மனநலம், காசநோய் இவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரையை விட மருந்துச் சீட்டுத்தான் முக்கியம். டாக்டர் கையெழுத்தும் தேதியும் உள்ள சீட்டின் நகலோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். முத்து முத்தாகக் கவரில் போட்ட மாத்திரையை யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. உள்ளே சமாளிக்க முடியாவிட்டால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) கொண்டுவருவார்கள். வழித்துணைக் காவலர் கிடைக்காமல் அது தள்ளிப்போனால், வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மருத்துவ உத்தரவு கேட்க வேண்டும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. பாளை ஜெயிலில் சாதி பார்த்துப் பிளாக் ஒதுக்குவது பற்றிய புகார் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 அக்டோபர் 3-ம் தேதித் தீர்ப்பு, சிறைக்குள் சாதி அடிப்படையில் பிரித்து வைப்பதும் வேலை கொடுப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. அதனால் "நம்ம ஆட்கள் இருக்கிற பிளாக்கில் போடுங்க" என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஆனால் எதிர்த்தரப்பு ஆட்களும் உள்ளே இருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் அது வேறு. பெயர்களோடு, எந்த வழக்கு என்ற விவரத்தோடு, கண்காணிப்பாளருக்கும் கோர்ட்டுக்கும் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது பின்னால் எங்கேயும் இருக்காது.

இலவச வக்கீல் விஷயத்துக்கு வருவோம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வீடு, வயல் இருந்தாலும் கேட்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகாவில் வட்டக் குழு, ஜெயிலுக்குள்ளேயே சட்ட உதவி மையம், 15100 என்ற இலவச எண் என்று நாலு வழி. இதில் 15100 வழி சொல்லுமே தவிர, வழக்கு நடத்தாது. நேரில் போய், மேலே சொன்ன ஐந்து விவரத் தாளோடு மனுக் கொடுப்பதுதான் வேகம். "இலவசம்னா ஒழுங்காப் பாக்க மாட்டாங்க" என்று நிலத்தை ஒத்திவைத்துத் தனி வக்கீல் வைக்கிறவர்கள் உண்டு. சாதாரண திருட்டு, அடிதடி வழக்கின் ஜாமீனுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது எங்கள் கருத்து. கொலை வழக்கு, கஞ்சா வணிக அளவு என்றால் யோசிக்க வேண்டியதுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்ந்திருந்தால் ஜாமீன் சிறப்பு நீதிமன்றத்தில், பாதிக்கப்பட்டவரையும் கேட்டுத்தான். அங்கே மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு.

யார் வக்கீலாக இருந்தாலும் ரிமாண்ட் தேதியை நீங்களே எண்ணி வாருங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பெரும்பாலான வழக்கில் 60 நாள், மரணம், ஆயுள் அல்லது பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்கில் 90 நாள், வணிக அளவுப் போதைப்பொருளில் 180 நாள் முடிந்தால் ஜாமீன் உரிமை. ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும். ஜூன் 1-ல் ரிமாண்ட் என்றால் ஜூலை 30-ல் 60 முடிகிறது, 31-ம் தேதி காலையில் கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். அன்று மத்தியானம் குற்றப்பத்திரிகை வந்தாலும் முதலில் போன மனு நிற்கும். ஒரு நாள் அசந்து, குற்றப்பத்திரிகை முந்திவிட்டால் அந்த உரிமை போச்சு.

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று லட்டு வாங்குவதற்கு முன்னால் உத்தரவைப் படியுங்கள். மதுரைக் கிளை உத்தரவு என்றால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: குறிப்பிட்ட தொகைக்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் திருப்தி அடையும்படி. ஜாமீன்தாரர் புகைப்படம் ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகல் கொடுக்க வேண்டும். சில உத்தரவில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று வரும். இதற்கு மேல் வீட்டு வரி ரசீதோ சொத்து மதிப்புச் சான்றோ அந்தக் கோர்ட் கேட்கும். வரி ரசீது செத்துப்போன தாத்தா பெயரில் இருப்பது நம் ஊரில் பாதி வீட்டுக் கதை, பத்திரம் திரும்பி வருவதும் அங்கேதான். ஜாமீன் மனு போட்ட அன்றைக்கே ஜாமீன்தாரர்களைத் தயார் செய்து, ரசீதில் யார் பெயர் என்று பார்த்து வையுங்கள். ஏற்கெனவே வேறொரு வழக்குக்கு நின்றவர் வேண்டாம்.

பத்திரம் ஏற்கப்பட்டதும் விடுதலை உத்தரவு ஜெயிலுக்குப் போக வேண்டும். லாக்கப் நேரத்துக்கு (சாயங்காலம் கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டும் நேரம்) பிறகு போனால் மறுநாள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்திரம் எழுதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உத்தரவில் தகப்பனார் பெயரோ குற்ற எண்ணோ ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், அதனால் கோர்ட்டை விட்டு நகரும் முன் வாரண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (ஜெயிலில் இருப்பவரை இன்னொரு கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு) இருந்தால் இந்த ஜாமீனால் ஆள் வெளியே வரமாட்டார்.

ஜாமீன் கிடைத்தும் பணமோ ஆளோ இல்லாமல் உள்ளேயே இருப்பவர்களுக்காக 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. ஏழு நாளில் ஆள் வெளியே போகாவிட்டால் ஜெயில் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் முடியாவிட்டால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தப் பார்க்கலாம். அதே வருடம் வந்த மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் ஜாமீன் தொகைக்குப் பணம் கிடைக்கும் (2023-ல் ரூ.40,000 வரை என்று இருந்தது). நல்ல ஏற்பாடு, ஆனால் தானாக ஓடாது. எட்டாம் நாள் நீங்களே ஆணைக்குழுவுக்கு மனு எழுத வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே குண்டாஸ் விழுந்தால் ஜாமீன் பயன்படாது. மாநகரில் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர் போடும் தடுப்புக் காவல் உத்தரவு அது. அதிகபட்சம் 12 மாதம். காரணங்களை ஐந்து நாளுக்குள் கைதியிடம் கொடுக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில். அதோடு கொடுக்கும் காகிதக் கட்டு ஒரு பக்கம் விடாமல் வக்கீல் கைக்கு வர வேண்டும், படிக்க முடியாத நகல்கூட மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவுக்கு வாதமாகும். அரசுக்கும் அறிவுரைக் கழகத்துக்கும் முறையீட்டைத் தாமதிக்காமல், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். முறையீட்டைப் பரிசீலிக்க அரசு எடுத்துக்கொள்ளும் தாமதமே பல உத்தரவுகளை உடைத்திருக்கிறது, அதற்கு அந்த அட்டையில் உள்ள தேதி வேண்டும்.

வீட்டில் சாவு விழுந்தால் விசாரணைக் கைதிக்குப் பரோல் கிடையாது, அது தண்டனை பெற்றவர்களுக்கு. இவருக்காக வக்கீல் அன்றைக்கே கோர்ட்டில் இடைக்கால ஜாமீனோ காவல் துணையோடு போய்வர அனுமதியோ கேட்க வேண்டும். டாக்டர் சான்றோ வி.ஏ.ஓ. சான்றோ கையில் இருந்தால் நேரம் மிச்சம்.

வெளியே வந்த மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம். சில சமயம் சொந்த ஊரில் இல்லாமல் வேறு ஊர் ஸ்டேஷனிலும் போடச் சொல்வார்கள், அங்கே தங்க இடம் பார்த்து வையுங்கள். தினமும் போட்ட கையெழுத்துப் பக்கத்தைக் காட்டி, சில வாரம் கழித்து அதே கோர்ட்டில் தளர்வு மனுப் போடலாம்.